போதும் என்னும் சொல்

ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால் விடை உடனே கிடைத்துவிடும். அத்தொழிலுக்கு உரியவராக அவர் எப்போது ஆனார் என்று கேட்டால் விடை எளிதில் வாராது. சான்றிதழ் பெற்ற நாளில் என்பர் சிலர். முதற் சம்பளம் வாங்கிய நாளில் என்பர் வேறு சிலர். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட நான், இவ்விரு விடைகளையும் ஒரு காலத்தில் நம்பியவன். அந்நம்பிக்கையை மாற்றியவர் என் பழைய மாணவி ஒருவர். அவர் ஆசிரியர் அல்லர், இசைச் சிகிச்சையாளர். மாணவரிடம் ஆசிரியர் கற்றுக்கொண்ட கதையை மறைப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆதலின் அதனை இங்கே எழுதுகிறேன்.

அவர் என்னிடம் பயின்றது 1990களின் நடுப்பகுதியில். வகுப்பில் செய்யுளை மனப்பாடம் செய்துவரச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். இவர் மட்டும் தாமாகவே ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு மறுநாள் பாடிவிடுவார். 1949இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் வாய்ப்பாட்டும் வீணையும் கற்றுவந்தார். உயர்நிலைக் கல்வியெல்லாம் முடிந்தபின் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். இசையைக் கொண்டு நோயுற்றவர்களுக்குத் துணைசெய்யும் படிப்பு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது என்றும், அதற்கு விண்ணப்பிக்க நற்சான்று ஒன்று வேண்டும் என்றும் கேட்டார்.

நற்சான்று எழுதிக் கொடுத்தேன். அத்துடன் அவர் கேளாத அறிவுரை ஒன்றையும் கொடுத்தேன். "பாட்டு நல்ல பொழுதுபோக்கு அம்மா, அது மருத்துவமனையில் ஒரு தொழிலாகுமா? நோயாளிக்கு வேண்டியது மருந்து. நீ மருத்துவராகவும் இல்லாமல், பாடகியாகவும் இல்லாமல், நடுவழியில் நிற்கப் போகிறாய். பேசாமல் தமிழாசிரியராக வந்துவிடு" என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார். என் சொல்லில் இருந்த பற்று எனக்குத் தெரிந்தது. அதில் இருந்த அறியாமை தெரியவில்லை.

அறியாமை என்று சொல்லக் காரணம் உண்டு. தமிழாசிரியனாகிய நானே மறந்துவிட்ட செய்தி அது. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். போரில் புண்பட்டு வந்த வீரன் உள்ளே கிடக்கிறான். வீட்டின் முகப்பில் இரவமரத் தழையும் வேப்பந் தழையும் செருகப்படுகின்றன; யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன; ஐயவி தூவப்படுகிறது; ஆம்பல் ஊதப்படுகிறது; மணி அடிக்கப்படுகிறது; காஞ்சிப் பண் பாடப்படுகிறது; மனை முழுவதும் நறும்புகை கமழ்கிறது. புண்பட்டவனைக் காக்கும் செயல்களுள் இசையும் ஒன்றாக இருக்கிறது. இப்பாட்டை எத்தனை முறை படித்திருப்பேன்! ஆயினும், நோயாளிக்குப் பாட்டு எதற்கு என்று என் மாணவியிடம் கேட்டேன்.

பிற்காலத்திலும் நம்மவருள் ஒருவர் இவ்விரண்டையும் இணைத்து வாழ்ந்திருக்கிறார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1859இல் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பணியாற்றியவர். பின்னர் அப்பணியை விட்டுச் சித்த மருத்துவராகப் புகழ் பெற்றவர். அம்மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சியில் செலவிட்டு, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டவர். ஒரு கையில் மருந்தும் மறு கையில் இசையுமாக நின்ற அவர் காலத்தில், இவ்விரண்டையும் ஒன்றாக்கிய தொழில் ஒன்று உலகில் உருவாகியிருக்கவில்லை. தேவை பழையது; தொழில் புதியது.

அத்தொழில் உருவான வரலாறும் அறியத்தக்கது. உலகப் போர்களில் காயமுற்ற படைவீரர்கள் கிடந்த அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இசைக்கலைஞர்கள் சென்று பாடினார்கள். வீரர்கள் உடலாலும் மனத்தாலும் தேறுவதைக் கண்ட மருத்துவர்கள், கலைஞர்களைப் பணியில் அமர்த்த விரும்பினார்கள். நன்றாகப் பாடத் தெரிந்தால் மட்டும் போதாது, நோயைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் பயிற்சி வேண்டும் என்பது விரைவிலேயே தெரிந்தது. 1944இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கெனப் பாடத்திட்டம் வகுத்தது. 1950இல் அமெரிக்காவில் தேசியச் சங்கம் தோன்றியது. பிரிட்டனில் ஜூலியட் ஆல்வின் என்னும் செல்லோ இசைக்கலைஞர் 1958இல் ஒரு சங்கத்தை நிறுவினார். ஏறத்தாழ அதே காலத்தில், பால் நோர்டாஃப் என்னும் இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்னும் ஆசிரியரும் இங்கிலாந்தில் உடற்குறையும் மனக்குறையும் உள்ள பிள்ளைகளிடையே சேர்ந்து பணியாற்றத் தொடங்கினர். அவருள் ஒருவர் சிறப்புப் பள்ளி ஆசிரியர் என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் சங்கம் 1975இல் எழுந்தது. 1985இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் உலகக் கூட்டமைப்பு உருவாயிற்று.

நம் சிங்கப்பூரில் இசைச் சிகிச்சைச் சங்கம் அமைந்தது 2007ஆம் ஆண்டில். அதற்கு முன்பே வெளிநாடுகளில் பயின்று திரும்பிய ஒரு சிலர் மருத்துவமனைகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் பணியாற்றி வந்தனர். 2011இல் நம் நாடாளுமன்றம் மருத்துவத் துணைத் தொழில்களுக்கெனச் சட்டம் இயற்றியபோது, இயன்மருத்துவர், செயல்முறைச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகிய மூவகையினரே முதலில் அதன்கீழ்ப் பதிவுசெய்யப் பெற்றனர். இசைச் சிகிச்சையாளர் அவ்வரிசையில் இல்லை. சட்டம் பெயர் சூட்டாத தொழிலில் இருப்பவர், தம் பெயரைத் தாமே உழைத்து நிலைநாட்ட வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் நான் பின்னாளில் அறிந்தவை. அறிய வேண்டிய நிலை எனக்கு எவ்வாறு வந்தது என்பதை இனிச் சொல்கிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றது தேசியக் கல்விக் கழகம் புக்கித் தீமா சாலையில் இருந்த நாள்களில். பயிற்சிக் காலத்தில் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டேன். அங்கே என்னை வழிநடத்தியவர் மூத்த தமிழாசிரியர் ஒருவர். வகுப்பின் கடைசி வரிசையில், பிள்ளைகளுக்கு உரிய சிறிய நாற்காலியில், மடியில் ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார். என் முதற்பாடத்தை இன்றும் மறக்கவில்லை. இரவெல்லாம் ஆயத்தம் செய்திருந்தேன். மேற்கோள்களை அள்ளி வீசினேன். குரலை ஏற்றியும் இறக்கியும் முழங்கினேன். என் பேச்சில் நானே மயங்கியிருந்த வேளையில், கடைசி வரிசையிலிருந்து ஓர் உள்ளங்கை உயர்ந்தது. "போதும்" என்றார். உரக்கச் சொல்லவில்லை, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

வகுப்பு முடிந்தபின் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நன்றாகப் பேசினீர்கள். பிள்ளைகள் என்ன கற்றார்கள்?" என்னால் விடை சொல்ல முடியவில்லை. என் பாடத்தில் நான் இருந்தேன், பிள்ளைகள் இல்லை. அப்பயிற்சிக் காலம் முடிவதற்குள் அவ்வுள்ளங்கை இன்னும் பலமுறை உயர்ந்தது. இன்று பயிற்சி ஆசிரியர்களின் வகுப்புகளில் கடைசி வரிசையில் நான் அமரும்போது, என் கையும் அவ்வாறே உயர்வதைக் கண்டு எனக்குள் சிரித்துக்கொள்வதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பெரியவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக் கையும் வலக் காலும் செயலிழந்தன. அதனினும் கொடியது, பேச்சுப் போயிற்று. மூளையின் இடப் பக்கத்தின் முன்பகுதி சிதைந்தால் பேச்சு குன்றும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861இலேயே எடுத்துக்காட்டினார். இந்நிலைக்கு ஆளானவர் பிறர் சொல்வதைப் பெரும்பாலும் புரிந்துகொள்வார். தாம் சொல்ல நினைப்பதும் மனத்தில் இருக்கும். சொல்லாக அது வெளிவராது. பஃபலோ சாலை அடுக்குமாடி வீட்டில், சன்னலோரம் சக்கர நாற்காலியில் அமர்ந்து, கீழே தேக்கா சந்தைக்குப் போவோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் தமிழ் பேசிப் பிழைத்தவர் நாவில் ஒரு சொல் இல்லை. நான் சென்று அமர்ந்தால் கண்ணீர் வழியும். என்ன பேசுவதென்று அறியாமல் நானே ஏதேதோ பேசிவிட்டுத் திரும்புவேன்.

பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் பயிற்சி அளித்து வந்தார். அவரே, இசைச் சிகிச்சையாளர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் பயன் இருக்கலாம் என்று பெரியவரின் மகளிடம் கூறினாராம். வந்தவர் யார் என்று பார்த்தால், என் பழைய மாணவி! நாற்பதைக் கடந்தவர், முன்தலையில் நரை தெரிந்தது. "ஐயா, நலமா?" என்று அதே பணிவுடன் கேட்டார். நான் முன்பு சொன்ன அறிவுரை இருவருக்கும் நினைவிருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முதல் நாள் அவர் பாடவில்லை. ஒரு மணி நேரம் கேள்விகள் கேட்டார், கேட்டதைக் குறித்துக்கொண்டார். பெரியவர் எந்தக் காலத்துப் பாடல்களை விரும்புவார், எந்தப் பாட்டு அவருக்குத் துயரம் தரும், இடக்கையின் வலிமை எப்படி, காலையில் தெளிவாக இருப்பாரா மாலையிலா, அவர் முதலில் சொல்ல விரும்பக்கூடியவை எவை என்றெல்லாம் வினவினார். இவர் பாட வந்தாரா, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தாரா என்று நான் எண்ணியதுண்டு. மூன்றாம் நாள் அவர் பழைய பாடல் ஒன்றை மெல்லப் பாடியபோது, பெரியவரின் உதடுகள் அசைந்தன. பின்னர் பாட்டின் சொற்களே வெளிவந்தன! ஒரு சொல்லும் பேசமுடியாதவர் ஒரு சரணத்தைப் பாடினார். மகள் அழுதார், பெரியவர் அழுதார், நானும் அழுதேன். சிகிச்சையாளர் மட்டும் அழவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

வெளியே வந்தபின், "பேச்சு வந்துவிட்டதே!" என்று மகிழ்ந்தேன். "இல்லை ஐயா. பழகிய பாட்டு வந்திருக்கிறது. பேச்சு இன்னும் வரவில்லை. பாட்டிலிருந்து பேச்சுக்குப் பாலம் கட்டவேண்டும்" என்றார். அப்பாலத்தின் கதையையும் சொன்னார். 1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்னும் மூவர் ஒரு முறையை வெளியிட்டனர். அன்றாடத் தொடர் ஒன்றை ஏற்றமும் இறக்கமுமான இரண்டே சுரங்களில் அமைத்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டச் செய்வர். முதலில் சிகிச்சையாளர் முனகுவார். பிறகு இருவரும் சேர்ந்து பாடுவர். பிறகு சிகிச்சையாளரின் குரல் இடையில் தேய்ந்து நின்றுவிடும். நோயாளி தனியே முடிப்பார். இறுதியில் சுரமும் உதிர்ந்து வெறும் பேச்சு எஞ்ச வேண்டும். மூளையின் வலப் பக்கம் இதற்குத் துணைபுரிகிறது என்று முதலில் கருதினர். 2011இல் ஜெர்மன் ஆய்வாளர் சிலர், இதில் சுரத்தை விடத் தாளத்துக்கே பங்கு மிகுதி என்று வாதிட்டனர். இம்முறை எல்லா நோயாளருக்கும் பயன்படுவதில்லை என்பதையும் அவர் மறைக்காமல் கூறினார்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "ஐயா, எனக்கு ஓர் உதவி வேண்டும். நான் இதை ஆங்கிலத்தில் கற்றேன். ஆங்கிலத்தில் எந்த அசைக்கு அழுத்தம் விழுகிறதோ அதற்கு ஏற்றச் சுரம் கொடுப்போம். தமிழில் அப்படி அழுத்தம் இல்லையே. எதை ஏற்றுவது, எங்கே தட்டுவது?"

தமிழாசிரியரிடம் கேட்க இதைவிட இனிய கேள்வி உண்டா? அன்று மாலை தேக்கா உணவங்காடியில் இருவரும் அமர்ந்து யாப்பிலக்கணம் படித்தோம். தமிழில் சொல்லை வேறுபடுத்துவது அழுத்தம் அன்று. குறிலும் நெடிலும் ஒற்றுமே. ஆகவே அசை பிரித்துப் பார்த்தோம். 'தண்ணீர் வேண்டும்' என்பது தேமா தேமா, நான்கு நேரசை, நான்கு தட்டு. 'போதும்' என்பதும் தேமா. 'எனக்கு' என்பது புளிமா. நிரையசையில் இரண்டு குறில் விரைந்து வருவதால் அங்கே ஒரு தட்டா, இரண்டு தட்டா என்று வாதிட்டோம். பெரியவரின் கையையே கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அவர் கை ஒரு முறைதான் தட்டியது. ஐம்பது ஆண்டுகளாக அலகிட்டுப் பழகிய கை அல்லவா! 'வலிக்கிறது' என்பது கருவிளங்காய்; நீளம் மிகுதி என்று பின்னுக்குத் தள்ளி வைத்தோம். தேர்வுத் தாளில் மதிப்பெண்ணுக்காக மட்டுமே பயன்பட்டு வந்த இலக்கணம், ஒரு மனிதர் தண்ணீர் கேட்பதற்குப் பயன்படும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

வாரம் மூன்று நாள் பயிற்சி நடந்தது. மற்ற நாள்களில் மகள் பயிற்றினார். நாள்கள் வாரங்களாயின. 'தண்ணீர்' சில நாள் வந்தது. சில நாள் வரவில்லை. பத்தாவது வாரம் என்று நினைக்கிறேன். அன்று பெரியவர் சோர்ந்திருந்தார். அவரை ஊக்கப்படுத்த எண்ணி, சிகிச்சையாளர் வீணையைக் கொண்டுவந்து, அவருக்கு விருப்பமான பாடலொன்றைப் பாடினார். இனிமையான குரல்; பயின்ற விரல்கள். நான் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் சரணம் தொடங்கியபோது பெரியவரின் இடக்கை மெல்ல எழுந்தது. உள்ளங்கை எங்களை நோக்கித் திரும்பியது.

"போ-தும்."

சுரம் இல்லை, தட்டு இல்லை, எவரும் தூண்டவில்லை. தாமாகவே சொன்ன சொல். எனக்கு உள்ளம் சுருங்கிற்று. அவ்வளவு நன்றாகப் பாடிய பெண்ணைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டாரே என்று, மன்னிப்புக் கேட்கும் பாவனையில் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் நான் கண்டது மகிழ்ச்சி. வீணையைக் கீழே வைத்தார். "சரி ஐயா, நிறுத்திவிட்டேன். உங்கள் விருப்பம்" என்று பெரியவரிடம் சொன்னார். அதன்பின் அறையில் நெடுநேரம் ஒலி எதுவும் இல்லை. அவரும் பெரியவரும் அமைதியாக அமர்ந்திருந்தனர். பெரியவர் பல மாதங்களுக்குப் பிறகு, தம் வீட்டில் நடப்பதைத் தாமே தீர்மானித்திருந்தார்.

திரும்பும்போது செராங்கூன் சாலை வழியே நடந்தோம். பூக்கடைகளில் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வீரமாகாளியம்மன் கோயில் மணி ஒலித்தது. "உனக்கு வருத்தமில்லையா அம்மா?" என்று கேட்டேன். அவர் நடையை நிறுத்திச் சொன்னவற்றை, எனக்கு நினைவுள்ள அளவில் எழுதுகிறேன்.

"பதினைந்து ஆண்டுக்கு முன் இது நடந்திருந்தால் வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன் ஐயா. படித்து முடித்த புதிதில் நான் என் மேற்பார்வையாளரின் நகல். அவர் சிரிக்குமிடத்தில் சிரித்தேன். அவர் பாடும் பாட்டையே பாடினேன். ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போனால், தாதியர் சிலர் 'பாட்டுக்காரி வந்துவிட்டாள்' என்பார்கள். கிடார் எடுத்துக்கொண்டு போனால் பிறந்தநாள் விழாவா என்று கேட்பார்கள். அதைப் பொய்யாக்க வேண்டும் என்று, மருத்துவர் போலவே பேசத் தொடங்கினேன். எல்லாவற்றையும் எண்ணால் அளந்தேன். நாடித்துடிப்பு எவ்வளவு குறைந்தது, கை எத்தனை பாகை உயர்ந்தது என்று அறிக்கை எழுதினேன். அறிக்கை தவறில்லை, இன்றும் எழுதுகிறேன். ஆனால் அன்று எழுதியது நோயாளிக்காக அல்ல; நான் விளையாட வரவில்லை என்று பிறர் நம்புவதற்காக."

"பிறகு?" என்றேன்.

"பிறகு வீணையைத் தொடுவதே நின்றுவிட்டது. பகலெல்லாம் இசை, இரவில் இசை காதில் விழுந்தாலே களைப்பு. என்னிடம் இருந்த இசையையும் செலவழித்துவிட்டேனோ என்று பயம் வந்தது. அப்போது எங்கள் சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் மாதம் ஒருமுறை சென்று, என் வேலையைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேசினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'நீ பாடும்போது அறையில் யார் பெரிதாகத் தெரிகிறார், நீயா, நோயாளியா?' அதற்குப் பிறகுதான் என் பாட்டை எங்கே நிறுத்துவது என்று கற்கத் தொடங்கினேன். எனக்காகப் பாடுவதற்கென்று தனியே பாட்டு வகுப்பிலும் மீண்டும் சேர்ந்தேன். அன்று நற்சான்று வாங்க வந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை ஐயா. நடுவழியில் நிற்பாய் என்றீர்கள். உண்மைதான், நடுவில்தான் நிற்கிறேன். அங்கே ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று."

சாலையோரத்தில் நின்றபடியே என் அன்றைய அறிவுரைக்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்துவிட்டு, "நற்சான்றும் நீங்கள்தானே எழுதினீர்கள்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் மேற்பார்வையாளர் கேட்ட கேள்வியும், என்னிடம் பெரியவர் கேட்ட கேள்வியும் ஒன்றே அல்லவா? பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று அவர் கேட்டார். அறையில் யார் பெரிதாகத் தெரிகிறார் என்று இவர் கேட்டார். தொழிலுக்குப் புதியவர் தம்மைப் பார்க்கிறார். பிறர் தம்மை எப்படிப் பார்க்கிறார் என்று பார்க்கிறார். நெடுநாள் கழித்தே எதிரில் இருப்பவரைப் பார்க்கிறார். அப்படிப் பார்க்கத் தொடங்கும் நாளில் அவருக்குத் தொழில் அடையாளம் அமைகிறது. அதை அவர் உணர்வதற்குள் மற்றவர் உணர்ந்துவிடுகின்றனர்.

இதைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்க இயலுமா? ஓரளவு இயலும். அமெரிக்காவில் இசைச் சிகிச்சையாளராக விரும்புவோர் ஏறத்தாழ 1200 மணி நேரம் மேற்பார்வையின்கீழ்ப் பணியாற்ற வேண்டும் என்பது விதி. தேர்ச்சி பெற்றபின்னும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, தாம் தொடர்ந்து கற்றுவருவதைக் காட்டித் தகுதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அத்தொழிலில் இருப்பவர் ஒருநாளும் முழுமை பெற்றுவிட்டதாகக் கருதப்படுவதில்லை. நம் தொழிலிலும் பயிற்சி உண்டு, பார்வையிடல் உண்டு. எனினும் சில ஆண்டுகள் கழிந்தால் நம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர எவரும் வருவதில்லை. நாமும் அழைப்பதில்லை. அங்கே காலியாக இருக்கும் நாற்காலி நம் வளர்ச்சி முடிந்துவிட்டதைக் காட்டுவதாக நாம் மகிழ்ந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மாணவி பிற நாட்டில், பிற மொழியில் தம் தொழிலைக் கற்றார். அதனை அப்படியே கொண்டுவந்து இங்கு வைத்திருந்தால் அது இரவல் ஆடையாகவே இருந்திருக்கும். 'தண்ணீர் வேண்டும்' என்னும் தொடருக்கு முன் அவர் தயங்கி நின்றாரே, தம் கல்வி இவ்விடத்தில் போதவில்லை என்று ஒரு தமிழாசிரியரிடம் வந்து கேட்டாரே, அங்கேதான் அத்தொழில் அவருடையதாயிற்று என்று எண்ணுகிறேன். இப்போது அவர் தமிழ் நோயாளிகளுக்கென அன்றாடத் தொடர்கள் சிலவற்றை அசை பிரித்துத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். சீனமும் மலாயும் பேசுவோருடன் பணியாற்றும் தம் தோழர்களிடம், அவரவர் மொழியின் ஓசையை உற்றுக் கேட்கும்படி சொல்கிறார்.

பெரியவருக்கு முழுப் பேச்சும் திரும்பவில்லை. ஏறத்தாழ இருபது தொடர்கள் திரும்பியிருக்கின்றன. மகளின் பெயரைச் சொல்கிறார், தண்ணீர் கேட்கிறார், நீளம் என்று நாங்கள் ஒதுக்கிவைத்த 'வலிக்கிறது' என்பதையும் தாமே சொல்லக் கற்றுவிட்டார். ஞாயிறுதோறும் நான் அவரைப் பார்க்கப் போகிறேன். பள்ளிச் செய்திகளையும் பயிற்சி ஆசிரியர்களின் செய்திகளையும் சொல்வேன். பழைய வழக்கப்படி என் பேச்சு நீண்டுவிடும். அப்போது சக்கர நாற்காலியிலிருந்து இடக்கை எழும்.

நான் நிறுத்திவிடுவேன். பிறகு அவர் பேசுவதற்காகக் காத்திருப்பேன். ஒரு சொல் வருவதற்குச் சில வேளை ஐந்து நிமிடம் ஆகும். காத்திருக்க இப்போது எனக்குத் தெரிகிறது.